தாய்மாரைப் பார்த்துப் போட்ட வரிசை

அம்மா பெப்ரவரியில் இறந்தார். மார்ச்சில் கனகலிங்கம் அங்கிள் தொலைபேசியில் பேசினார். இந்த ஆண்டு தமிழ்ப் பள்ளிகளின் விளையாட்டுவிழா மலரில் அம்மாவுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருப்பதாகவும் அதை நான்தான் எழுதவேண்டும் என்றும் சொன்னார்.

"பிறந்த திகதி, படிச்ச பள்ளிக்கூடம் எல்லாம் செத்தவீட்டுக் கல்வெட்டுப் புத்தகத்தில வந்திட்டுது பிள்ளை. இது கதை மாதிரி இருக்கட்டும்."

சரி என்றேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் எழுதிப் பழகியது சோதனை அறிக்கைகள். ரயில் சிக்னல்களுக்கான ரிலேக்களைச் சோதிப்பது என் வேலை. எது சோதிக்கப்பட்டது, எப்படி, முடிவு என்ன. வேறு ஒழுங்கு எனக்குத் தெரியாது.

அம்மாவின் பெயர் தவமலர். உங்களில் பலருக்கு அது கல்வெட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கும். ரீச்சர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஊரில் சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு பெண்கள் பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தார். வலைப்பந்து, அதாவது நெற்போல், பழக்கினார். மாவட்டப் போட்டிகளில் நடுவராக நின்றார். அப்பா எண்பத்திரண்டில் மாரடைப்பால் போனார். எண்பத்தைந்தில் மாமா எங்களை இலண்டனுக்கு எடுப்பித்தார். இங்கே அம்மா ஒரு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்தார். கட்டில் விரிப்புகளை ஒருவர் நீராவி உருளைக்குள் விடுவார். மறுபக்கத்தில் இரண்டு பேர் பிடித்து மடிப்பார்கள். அம்மா மடிக்கிற பக்கம். அங்கே அவருக்குப் பெயர் மலா. சூப்பர்வைசருக்கு மற்றது வாயில் வரவில்லை.

ஏப்ரல் மாதம் மட்டும் அவர் ரீச்சராக இருந்தார்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளுக்கிடையிலான வலைப்பந்துப் போட்டி எண்பத்தெட்டில் தொடங்கியது. பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளைகள். ஓகஸ்ட் வங்கி விடுமுறைத் திங்களன்று ஒரே நாளில் எல்லாம் முடியவேண்டும். ஆகவே அணிகளை இரண்டு குழுக்களாகப் பிரிக்கவேண்டும். பலமான அணிகள் எல்லாம் ஒரே குழுவில் விழுந்துவிட்டால் மற்றக் குழுவில் பார்க்க ஒன்றும் இராது. அதனால் ஏப்ரலில், சீசன் தொடங்குமுன்பே, அணிகளை முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்தி, அதன்படிதான் பிரிப்பார்கள். முதல் வருடம் யாருடைய ஆட்டத்தையும் யாரும் பார்த்ததில்லை. செயலாளரான கனகலிங்கம் அங்கிள் தென் இலண்டனில் மிச்சம் என்ற இடத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, வரிசையை அம்மாவே போட்டுத் தரவேண்டும் என்றார்.

"பிள்ளையளின்ர தாய்மார் ஆர், எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேட்டுத் தாங்கோ," என்றார் அம்மா.

"விளையாடப்போறது பிள்ளையள் ரீச்சர்."

"ஓம். தாய்மாரைத்தான் நான் பாத்திருக்கிறன்."

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் வலைப்பந்து விளையாடிய பெண்களில் பெரும்பாலானவர்களை அம்மா கண்டிருந்தார். பலருக்கு நடுவராக நின்றிருந்தார். யார் ஓடுவாள், யார் அழுவாள், யார் பந்தை விடாமல் கட்டிப்பிடிப்பாள் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. அந்தத் தாய்மாரை வைத்து மகள்களை வரிசைப்படுத்தினார். ஓகஸ்டில் முடிவு ஏறக்குறைய அப்படியே வந்தது. காரணம் பெரிய மர்மம் இல்லை. விளையாடிய தாய்மார்தான் பார்க்கில் பிள்ளைகளைப் பழக்கினார்கள். ஆனால் சனம் அதை ஒரு சாத்திரம் மாதிரிப் பேசியது. அடுத்த ஆண்டும் அம்மாவிடமே வந்தார்கள். அதற்கடுத்த ஆண்டும்.

பங்குனி முடிய எங்கள் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். எடுப்பது நான்.

"ரீச்சர் நிக்கிறாவோ? எழுபத்தோராம் ஆண்டு ரீமில கோல் சூட்டர் எண்டு சொல்லும் பிள்ளை, தெரியும் அவவுக்கு."

அம்மா வாங்கிக் காதில் வைப்பார். "ஓம், ஞாபகம் இருக்கு. நீர் ரிசேர்வில இருந்தனீர். தோடம்பழம் வெட்டினது நீர்தானே?"

மறுமுனையில் இருப்பவர் சிரிப்பது எனக்கும் கேட்கும். அம்மா சிரிக்கமாட்டார். அவருக்கு அது தகவல்.

அந்த முறைக்கு எதிரான சான்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. எனக்குப் பந்து பிடிக்க வராது. ஆறடி தூரத்திலிருந்து எறிந்தால் கண்ணை மூடுவேன். "ரீச்சருக்கு இப்பிடியும் ஒரு பிள்ளையோ" என்று பெர்னடெற் அன்ரி என் முகத்துக்கு நேரேயே சொல்வார். அவரும் அம்மாவும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள். இலண்டனில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். மிச்சம் அணியைப் பழக்கியவர் அவர்தான். அவர் அணியில் ஆறு பேருடைய தாய்மார் ஊரில் அம்மாவிடம் பழகியவர்கள். தொண்ணூற்றிமூன்றுவரை மிச்சம் ஒவ்வொரு வருடமும் வரிசையில் முதலாவது. ஒருமுறை தவிர ஒவ்வொரு வருடமும் இறுதியாட்டத்துக்கு வந்தது.

தொண்ணூற்றிமூன்றில் லூயிஷாம் பள்ளி முதல்முறையாக அணி சேர்த்தது. அப்போது மொத்தம் பத்து அணிகள். லூயிஷாம் பிள்ளைகளின் தாய்மாரில் ஒருவரையும் அம்மாவுக்குத் தெரியவில்லை. சில பிள்ளைகளின் பெயருக்கு நேரே, தாயின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், கோடு மட்டும் போட்டு வந்தது. அம்மா லூயிஷாமைப் பத்தாவதாகப் போட்டார்.

அந்த அணி ஓகஸ்டில் கிண்ணத்தை எடுத்தது. இறுதியாட்டத்தில் மிச்சத்தை ஒன்பது கோலால் அடித்தது. அவர்களில் ஐந்து பேர் ஒரே ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள், வாரநாட்களில் அங்கேயே வலைப்பந்து பழகியவர்கள். அதை யாரும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

பரிசளிப்பு முடிய லூயிஷாம் பொறுப்பாளர் இராஜேந்திரன் எங்கள் காரடிக்கு வந்தார். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்கிறவர். வலைப்பந்து பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, வான் ஓட்டுவது மட்டும்தான் தன் பங்கு என்று எல்லோரிடமும் சொல்கிறவர்.

"ரீச்சர், ஒரு விஷயம். கோபிக்கப்படாது."

"சொல்லும்."

"எங்களைக் கடைசியாப் போட்டது தாய்மாரைப் பாத்துத்தானே?"

"ஓம்."

"எங்கட ரீமில நாலு பிள்ளையளுக்குத் தாய் இஞ்சை இல்லை. ரெண்டு பேருக்கு எங்கையும் இல்லை. வரிசை வந்தண்டைக்கு ஒருத்தி கேட்டாள், 'தாய் இல்லாட்டிக் கடைசியோ அங்கிள்' எண்டு. நான் என்னெண்டு சொல்ல?"

அவர் சண்டைக்கு வரவில்லை. உண்மையாகவே பதில் கேட்டுத்தான் வந்திருந்தார். அம்மா கையில் இருந்த பிளாஸ்ரிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தை மாதக் கூட்டத்தில் இனிச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாம் என்று இரண்டு பள்ளிகள் கேட்டன. கூட்டம் மனோர் பார்க்கில் கனகலிங்கம் அங்கிள் வீட்டில் நடந்தது. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"இந்த முறை பிள்ளையளைப் பாத்துப் போடுறன்," என்றார் அம்மா. "ஒரு வருஷம் தாங்கோ."

"தரலாம் ரீச்சர். சரிவந்ததோ பிழைச்சதோ எண்டு என்னெண்டு பாக்கிறது?" என்றார் கனகலிங்கம் அங்கிள்.

"நான் போடுற முதல் நாலும்தான் அரையிறுதிக்கு வரவேணும். ஒண்டு தவறினாலும் அடுத்த வருஷம் சீட்டுக் குலுக்குங்கோ."

காரில் நான் அம்மாவோடு விவாதித்தேன். அது மோசமான சோதனை. ஒரு பிள்ளைக்குக் கால் பிசகினால், மழை பெய்தால், எல்லாம் மாறும். நான்கில் மூன்று போதும் என்று சொல்லியிருக்கலாம்.

"மூண்டெண்டா ஆரும் சொல்லுவினம்," என்றார்.

பிழைத்தால் என்ன போகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பிழைத்தால் ஏப்ரலும் மற்ற மாதங்களைப் போலவே இருக்கும். விரிப்பு, உருளை, மலா.

மாசியிலிருந்து ஞாயிறுகளில் நாங்கள் பயிற்சிகளைப் பார்க்கப் போனோம். என்னுடைய பழைய பியஸ்ரா காரில். அம்மா கோல் கம்பத்துக்குப் பின்னால், கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு நிற்பார். தாய்மார் வந்து சூழுவார்கள்.

"ரீச்சர், என்னைத் தெரியுதே?"

"தெரியுது. கொஞ்சம் தள்ளி நில்லும். பிள்ளையை மறைக்கிறீர்."

தாய்மாரின் பெயர்களை இந்தமுறை கேட்கவே இல்லை. சிலர் வலிந்து சொன்னபோது காதில் வாங்காதது போல நின்றார். லூயிஷாமில் பழைய அணியில் நான்கு பேர் வயது கடந்து போயிருந்தார்கள். அம்மா அங்கே இரண்டு முறை போனார். இராஜேந்திரன் வானின் கதவைத் திறந்துவைத்து, குளிருக்கு உள்ளே இருந்து பார்க்கச் சொன்னார். அம்மா ஏறவில்லை.

மிச்சத்துக்குக் கடைசியாகப் போனோம். பெர்னடெற் அன்ரி றோல்ஸ் செய்து கொண்டுவந்திருந்தார்.

"ரெண்டு எடும் தவம். முதலாவதாப் போட்டா மிச்சத்தையும் தருவன்."

"போடாட்டி?"

"திண்டதையும் திருப்பி வாங்குவன்."

அம்மா இரண்டு எடுத்தார். அன்ரியின் கடைசி மகள் ஜெனிற்றா நடு ஆட்டக்காரியாக விளையாடினாள். நல்ல உயரம், நல்ல ஓட்டம். என் கண்ணுக்குக் குறை ஒன்றும் படவில்லை. அம்மா ஒரு றோலைச் சாப்பிட்டு, மற்றதைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். அன்று வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்று பார்த்தார்.

ஏப்ரல் கூட்டத்தில் அம்மா எழுந்து நின்று வரிசையைச் சொன்னார். முதலாவது மனோர் பார்க். மூன்றாவது லூயிஷாம். மிச்சம் ஆறாவது.

யாரோ பின்னாலிருந்து, "றோல்ஸில உப்புக் காணாதாக்கும்" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். பெர்னடெற் அன்ரி சிரிக்கவில்லை.

"ஆறோ தவம்?"

"ஓம்."

"என்ன குறை எண்டு சொல்லும். எல்லாருக்கும் முன்னால சொல்லும். பரவாயில்லை."

"ஜெனிற்றாவின்ர கைக்கு வராமல் உங்கட பந்து முன்னுக்குப் போகாது. அவள் பந்து கையில வந்த உடனை உம்மைப் பாக்கிறாள் பெர்னி. நீர் தலையாட்டினாப் பிறகுதான் எறியிறாள். மூண்டு செக்கனுக்குள்ள எறியவேணும். ரெண்டு அதிலயே போகுது."

வலைப்பந்தில் பந்தை மூன்று செக்கனுக்கு மேல் கையில் வைத்திருக்க முடியாது. அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"தாயைப் பாக்கிறது குறையோ? போன வருஷம்வரை அதுதானே உம்மட கணக்கு," என்றார் அன்ரி. கைப்பையை எடுத்துக்கொண்டு, தேநீர் வருமுன்பே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து போகிற வழியில் எட்டிப்பார்ப்பது வழக்கம். அது நின்றது. சித்திரையும் வைகாசியும் அப்படியே போயின.

போட்டி நாளில் மழை இல்லை. ஒரு குழுவில் ஐந்து அணிகள். குழுவுக்கு இரண்டு பேர் அரையிறுதிக்குப் போவார்கள். மனோர் பார்க் இருந்த குழுவில் அம்மா சொன்ன இரண்டு அணிகளும் மதியத்துக்கு முன்பே தெரிவாகிவிட்டன. மற்றக் குழுவில் ஒரு அணி தெரிவானது, அதுவும் அம்மா சொன்னதே. மீதி இருந்த ஓர் இடத்துக்கு லூயிஷாமும் மிச்சமும். கடைசி ஆட்டத்தில் இருவரும் மோதினார்கள்.

கணக்கு எளிது. லூயிஷாம் வென்றால் அம்மாவின் நான்கும் சரி. மிச்சம் வென்றால் சீட்டு.

இடைவேளைக்கு லூயிஷாம் ஒரு கோல் முன்னால். அம்மா மடக்குக் கதிரையில் கோட்டோரம் இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டாம் பாதி தொடங்கியது. ஜெனிற்றாவுக்குப் பந்து வந்தது. அடுத்த கணம் அவள் கையில் பந்து இல்லை. கோல் வட்டத்துக்குள் நின்றவளிடம் போய்விட்டது. கோல்.

"அவள் பாக்கேல்லை," என்றார் அம்மா.

"ஆரை?"

"தாயை."

திரும்பவும் பந்து வந்தது. திரும்பவும் உடனே போனது. அம்மா எழுந்து மைதானத்தின் நான்கு பக்கத்தையும் பார்த்தார். மிச்சம் பக்கத்தில் வேறொரு தாய் நின்று பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். "பெர்னி எங்கை?" என்றார். நான் தேடினேன். சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் பின்னால், குளிர்பானப் பெட்டியொன்றைக் கவிழ்த்துப்போட்டு, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெர்னடெற் அன்ரி இருந்தார். மடியில் செபமாலை. சத்தம் கேட்கும்போது கூடத் திரும்பவில்லை. வந்து சொன்னேன். அம்மா மறுபடி கதிரையில் இருந்தார்.

மிச்சம் இரண்டு கோலால் வென்றது.

லூயிஷாம் பிள்ளைகள் வானுக்குப் பக்கத்தில் புல்லில் படுத்திருந்தார்கள். அம்மா அங்கே போய் ஒவ்வொருவருடைய கையையும் பிடித்தார். இராஜேந்திரன், "மூண்டாவது எண்டு சொன்னனீங்கள் ரீச்சர், அது போதும் எங்களுக்கு" என்றார். அம்மா, "போதாது" என்றார்.

கனகலிங்கம் அங்கிள் ஒலிபெருக்கியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

"நாலில மூண்டு சரி ரீச்சர். ஆரும் குறை சொல்லமாட்டினம். அடுத்த வருஷமும் நீங்களே போடுங்கோ."

"நாலும் எண்டுதான் சொன்னனான்."

"விடுங்கோவன் அதை."

"சீட்டுக் குலுக்குங்கோ."

குரலை உயர்த்தவில்லை. விரிப்பை இப்படி மடி என்று சொல்வது போலச் சொன்னார். கனகலிங்கம் அங்கிள் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது.

மிச்சம் அரையிறுதியில் தோற்றது. அதற்குப் பிறகு பெர்னடெற் அன்ரி ஒரு தட்டோடு வந்து அம்மாவின் பக்கத்தில் புல்லில் இருந்தார். ஏப்ரலுக்குப் பிறகு அதுதான் முதல்முறை.

"சாப்பிடும் தவம்."

அம்மா எடுத்தார்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தா உம்மட வரிசை நிண்டிருக்கும்," என்றார் அன்ரி. "நான் கரையில நிண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்திருப்பன்."

"பிள்ளை பிழையா விளையாடுறதைக் கண்டுபோட்டுச் சொல்லாமல் விடுறதோ?"

"அதுதான் விசரி எண்டுறன்." அன்ரி அம்மாவின் தோளில் தட்டினார். "இனி என்ன செய்யப்போறீர்?"

"நாளைக்கு வேலை," என்றார் அம்மா.

இந்தப் பகுதியை எழுதலாமா என்று அன்ரியிடம் சென்ற வாரம் கேட்டேன். எழுது என்றார். செபமாலையை மட்டும் விடு என்றார். பிறகு அதுவும் இருக்கட்டும் என்றார்.

அடுத்த ஏப்ரலில் முதல்முறை சீட்டுக் குலுக்கினார்கள். மரியாதைக்காக அம்மாவைக் கூப்பிட்டு, அவரையே எடுக்கச் சொன்னார்கள். எவர்சில்வர் சட்டியில் பத்துத் துண்டுகள், முதலில் வரும் ஐந்தும் ஏ குழு, மற்ற ஐந்தும் பி குழு. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து, பிரித்து, வாசித்தார். ஐந்தாவதை வாசித்தபோது கொஞ்சம் நின்றார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு மற்ற ஐந்தையும் வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தேநீரும் வடையும் தந்தார்கள்.

திரும்பி வரும்போது பிளாக்வோல் சுரங்கத்துக்கு முன்னால் வாகனங்கள் நின்றன.

"மனோர் பார்க்கும் லூயிஷாமும் மிச்சமும் ஒண்டில விழுந்திட்டுது," என்றார் அம்மா. "பி குறூப்பில ஒண்டும் இல்லை."

"இந்த வருஷம் ஒருத்தரையும் பாக்கேல்லையே அம்மா. என்னெண்டு தெரியும்?"

"பாத்தனான்."

"எப்ப?"

"ஞாயிறுகளில. நீ நித்திரை. பஸ்ஸில போனனான்."

"பத்தையுமோ?"

"ஓம்."

முன்னால் நின்ற லொறி கொஞ்சம் நகர்ந்தது. நானும் நகர்த்தினேன்.

"அங்கை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. திருப்பிக் குலுக்கியிருப்பினம்."

"ஆரும் கேக்கேல்லை," என்றார்.

லொறி மறுபடி நின்றது. நான் கியரை எடுத்துவிட்டு, கைப் பிரேக்கைப் போட்டேன்.